பதினேழாம் வரியின் மாப்பிள்ளை

வீராசாமி கமலக்கண்ணன், பிறப்பு 1967. ஆரணியில் முருகேசன் என்பவரின் பட்டுக் கடையில் 1995 முதல் 2025 வரை ஆர்டர் எழுத்தராகப் பணியாற்றினார்.

பணி எளியது. வாடிக்கையாளர் கேட்கும் புடவையின் விவரங்களை விற்பனையாளர்கள் கணினியில் ‘ஆர்டர்’ என்ற தாளில் பதிவார்கள். அவ்வரிகளைக் கமலக்கண்ணன் ‘தறி’ என்ற இன்னொரு தாளுக்கு எடுத்தெழுதி, அச்சிட்டு, வரிவரியாக நறுக்கி நெசவாளர்களுக்கு அனுப்ப வேண்டும். பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், விசேஷம், தேதி, உடல் நிறம், கரை நிறம் என்று வரிக்கு ஆறு கட்டங்கள். முந்தியில் பெயர்களைச் சரிகையால் நெய்து தரும் வழக்கம் வந்த பிறகு முதலிரண்டு கட்டங்களுக்கு மதிப்புக் கூடியது. கமலக்கண்ணனுக்குக் கூடவில்லை. இதை அவர் மன்னிக்கவே இல்லை.

2024 மார்ச்சில் செய்யாற்றில் நடந்த மூன்று நாள் கணினி வகுப்புக்குச் சென்றுவந்தார். ஒருமுறை செய்து காட்டிய வேலையைக் கணினியே திரும்பத் திரும்பச் செய்யும்படி பதிந்துவைக்கும் மேக்ரோவை அங்கே கற்றார். திரும்பியவரின் நடையே மாறியிருந்தது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருந்தவர், இனி ஒன்றும் தேவையில்லை என்று அறிவித்தார். ஒரு விசையை அழுத்துவார். நாற்பது வரிகளும் கண்ணிமைப்பதற்குள் அடுத்த தாளில் போய் நிற்கும். நாற்காலியில் சாய்ந்து மற்றவர்களைப் பார்ப்பார். அந்தப் பார்வையைப் பத்து மாதம் கடை பொறுத்துக்கொண்டது.

அவர் பதிந்துவைத்த முறை இது. மேலிருந்து கீழாக ஓடும் ஆறு பத்திகளையும் தனித்தனியே எடுத்துச் செல்வது. பிறகு ஒவ்வொரு பத்தியிலும் வெற்றுக் கட்டங்களை நீக்கிக் கீழுள்ளவற்றை மேலே ஏற்றுவது. விற்பனையாளர்கள் ஒவ்வொரு நாள் பதிவுக்கும் நடுவே ஒரு வரியை வெறுமையாக விடுவார்கள். அது அவர் கண்ணுக்கு அலங்கோலம். முழு வரியும் வெறுமையாக இருக்கும்வரை ஆறு பத்திகளும் ஒன்றாகவே ஏறின, தீங்கு நேரவில்லை. ஒரு வரியில் ஒரேயொரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தால் என்னவாகும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட யோசித்திருக்கும். அவருக்கு யோசிக்க அவகாசமில்லை, சாய்ந்திருந்தார்.

தை மாதத்துப் பட்டியலின் பதினேழாம் வரி, தேவிகாபுரத்தைச் சேர்ந்த தீபா என்ற பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கானது. தாய்மாமன் அருணகிரி, தம் வீட்டிலேயே வளரும் மருமகளின் பெயரை முந்தியில் கேட்டிருந்தார். சடங்குக்கு மாப்பிள்ளை கிடையாது; இரண்டாம் கட்டம் வெறுமை. அச்சில் அது வெறுமையாக இல்லை.

நெசவு செய்யும் பரிமளா ஜனவரி எட்டாம் தேதி தொலைபேசியில் அழைத்தாள்.

“சார், சடங்குப் புடவைக்கு மாப்ள பேர் வந்துகீது சார்.”

“இன்னாம்மா சொல்ற?”

“தீபான்னு பொண்ணு. பக்கத்துல இளவரசன்னு போட்டுகீது. விசேஷம் மஞ்சள் நீராட்டுன்னு இருக்குது. சடங்குக்கு ஏது சார் மாப்ள?”

“பரிமளா, நீ இன்னா படிச்சிருக்க?”

“எட்டாவது சார்.”

“நான் மேக்ரோ படிச்சிருக்கேன். கம்ப்யூட்டருக்குத் தூக்கம் வராது, பசி வராது, தப்பும் வராது. சீட்டுல இருக்கிறத நெய்யி. ஜல்தி.”

“நெய்யிறேன் சார். நாளைக்கு எதுனா பேஜார் ஆச்சுன்னா, பரிமளா கேட்டாள்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.”

ஜனவரி இருபதாம் தேதி அருணகிரி வந்து புடவையை வாங்கி, முந்தியை விரித்தார். ‘தீபா – இளவரசன்’ என்று சரிகை மின்னியது.

“யார் சார் இந்த இளவரசன்? எங்க அக்கா பொண்ணு ஒம்பதாவது படிக்குது!”

‘ஆர்டர்’ தாளைத் திறந்து பதினேழாம் வரியைப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். அப்படிப் பார்ப்பது தம் மேக்ரோவைச் சந்தேகிப்பதாகும் என்று கமலக்கண்ணன் கருதினார்.

“பேரை நாங்க வெக்கிறதில்லீங்க. வந்த பேரைத்தான் நெய்யிறோம். உங்க பக்கத்துலேர்ந்து யாராவது சொல்லியிருப்பாங்க.”

அருணகிரி புடவையை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து போனார். இருபத்திரண்டாம் தேதி தொலைபேசியில் பேசினார். குரலில் கோபம்கூட இல்லை. “பொண்ணக் கேட்டா, எனக்கு யாரையும் தெரியாதுன்னு அழுவுது. இஸ்கூல நிறுத்தியாச்சு. புத்தகப் பையப் பரண்ல போட்டாச்சு. அந்தப் பையன் நம்பர் இருந்தா குடுங்க, நாங்க பேசிக்கிறோம்.”

அன்று பிற்பகல்தான் கமலக்கண்ணன் தாளைத் திறந்தார். பதினேழில் மாப்பிள்ளைக் கட்டம் வெறுமை. பதினெட்டில் தெள்ளாரைச் சேர்ந்த பத்மபிரியா, அவளுக்கு இளவரசன். பத்தொன்பதில் நான்சி, அவளுக்கு ராபர்ட். அச்சிட்ட பட்டியலிலோ மாப்பிள்ளைகள் அனைவரும் ஒரு படி மேலே ஏறியிருந்தார்கள். கடைசி மணமகளுக்கு மாப்பிள்ளையே இல்லை. எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய மனிதர் என்ன செய்தார்? தாளை மூடினார். ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதம் என்று நினைத்துக்கொண்டார். ஒரு பெண்ணின் படிப்பு பரணில் கிடக்க, மேசையைத் துடைத்தார்.

மறுநாள் காலை பரிமளா ஒரு திருமணப் பத்திரிகையோடு கடைக்குள் நுழைந்தாள்.

“இது எங்க நாத்தனார் பொண்ணு பத்மபிரியா பத்திரிகை சார். மாப்ள பேரு இளவரசன். நீங்க குடுத்த சீட்டுல ராபர்ட்டுன்னு கீது. அவளுக்கு ஏன் சார் ஆள மாத்தினீங்க?”

கல்லாவிலிருந்த முருகேசன் நிமிர்ந்தார். “யாருங்க அது ராபர்ட்டு?”

“நான்சியோட மாப்ளைங்க,” என்றார் கமலக்கண்ணன், தரையைப் பார்த்தபடி.

பட்டியலை வாங்கி முருகேசன் விரலால் கீழ்வரை ஓட்டிப் பார்த்தார். நெய்து முடிந்தவை பதினொன்று. நெய்யாதவற்றை நிறுத்தச் சொல்லி ஆளனுப்பினார். “புடவைய அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல தேவிகாபுரம் போங்க. பரிமளா, நீயும் கூடப் போ. இவரு வழியில எங்கனா எறங்கிடப் போறாரு.”

அருணகிரியின் வீட்டுக் கூடத்தில் உட்காராமலே கமலக்கண்ணன் தொடங்கினார். “சிஸ்டத்துல ஒரு சின்னக் கோளாறுங்க.”

“அந்த சிஸ்டத்தக் கூட்டிகினு வந்தீங்களா?” என்றார் அருணகிரி.

“பஸ்ஸுல எடம் இல்லீங்கண்ணா,” என்றாள் பரிமளா. “இவரத்தான் கூட்டிகினு வந்தேன்.”

அவள் ‘ஆர்டர்’, ‘தறி’ இரண்டு தாள்களின் அச்சையும் பாயில் அருகருகே விரித்து, பத்திரிகையைப் பக்கத்தில் வைத்து, மாப்பிள்ளைகள் ஏறிய படியைக் காட்டினாள். தீபா உள்ளறையிலிருந்து வந்து குனிந்து இரண்டையும் படித்தாள். அவளுக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று.

“சார், அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க இதப் படிக்கவே இல்லியா?”

கமலக்கண்ணன் வாயில் ‘சிஸ்டம்’ என்ற சொல் வந்து நின்றது. பரிமளா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“படிக்கலம்மா. தப்பு என்னுது. அந்தப் பேருக்கும் உனக்கும் சம்பந்தமே இல்ல.”

பத்து மாதத்தில் அவர் சொன்ன பயனுள்ள சொற்கள் அவ்வளவே. அருணகிரி பரணில் ஏறிப் பையை இறக்கினார். இருபத்துநான்காம் தேதி தீபா பள்ளிக்குச் சென்றாள். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குக் கடையிலிருந்து பெயரில்லாத புடவை ஒன்று போயிற்று.

மேக்ரோவைத் திருத்தக் கமலக்கண்ணனுக்குத் தெரியவில்லை. மூன்று நாள் வகுப்பில் அது இல்லை. வெற்றுக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டால் நீக்கப்படாது என்று பரிமளா சொன்னாள். விற்பனையாளர்கள் அப்படியே போட்டார்கள். இதனைக் கமலக்கண்ணன் ‘மேக்ரோ, இரண்டாம் பதிப்பு’ என்று பெயரிட்டு முதலாளிக்கு விளக்கினார்.

அவர் கடைசியாக அவ்விசையை அழுத்தி, வந்த தாளைப் படிக்காமல் நறுக்கியது 2025 ஜூன் 30, திங்கட்கிழமை.