மரம் வெட்டும்போது பின்னாடி நிக்கற ஆள்

பெட்ரோலும் டூ-டி ஆயிலும் கலந்த வாசனை... அதுக்கு மேல அப்பத்தான் அறுத்த நீலகிரித் தைல மரத்தூள் வாசனை. ரெண்டும் சேர்ந்து புடவையில ஏறிடுச்சுன்னா எவ்வளவு துவைச்சாலும் போகாது. பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க மூக்கைச் சுளிப்பாங்க. எனக்கும் மஞ்சுவுக்கும் அது சென்ட் போட்ட மாதிரி.

மஞ்சு என் நாத்தனார். தெலுங்கு பேசற சீமையில, கார்வேட்டிநகரம் பக்கத்துல எங்களுக்கு ஒரு சின்ன நீலகிரி தோப்பு. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர், வீட்டுல தங்கற நாளே கம்மி. கூலிக்கு ஆள் விட்டா வளைஞ்சதை எல்லாம் விட்டுட்டு, நேரா வளர்ந்த மரமா பார்த்து வெட்டிட்டுப் போயிடுவாங்க. "நாமளே வெட்டிக்கலாம் அண்ணி"ன்னு அவதான் ஆரம்பிச்சா.

செயின் சா வாங்க புத்தூர் போனோம். கடைக்காரர் இருக்கறதுலயே பெரிய மிஷினைத் தூக்கி முன்னாடி வெச்சார்.

"இத்த வாங்கிக்கினா எல்லா மரத்துக்கும் ஆவும்மா."

"எங்க மரம் தொடை மொத்தம்தான் சார். பதினாறு இன்ச் பிளேடு போதும்."

சொல்லிட்டு, சின்ன மிஷினைக் கையில வாங்கி நீட்டிப் புடிச்சபடி நின்னா மஞ்சு. கடைக்கு டீ வந்து, நாங்க குடிச்சும் முடிச்சாச்சு. அவ கை நடுங்கல. அப்புறம்தான் பில் போடச் சொன்னா.

பஸ்ல எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்களேன்னு, நான் மிஷினைப் பழைய புடவையில சுத்தி மூட்டை கட்டிட்டேன். செம்மரக் கடத்தலுக்காக வண்டிங்களை செக் பண்ற ரோடு அது... போலீஸ் மூட்டையைப் பிரிச்சா உள்ள மரம் அறுக்கற மிஷின். கேக்கவா வேணும். மஞ்சுதான் தெலுங்குல, "எங்க அண்ணிக்கு வெக்கம் சார், அதான் இதைப் போத்திக் கூட்டிக்கினு வர்றாங்க"ன்னு சொன்னா. பஸ்ஸே சிரிச்சுது. பில்லைப் பார்த்துட்டு விட்டுட்டாங்க.

மதிய வேளையில ரெண்டு பேரும் மிஷினைப் பிரிச்சுப் போட்டு உக்காருவோம். கவரைக் கழட்டி, உள்ள அப்பிக்கிட்ட ஆயில் தூளைப் பழைய டூத் பிரஷ்ஷால நோண்டி எடுக்கணும். செயின் பல்லை உருண்டை அரத்தால ஒரே பக்கமா தள்ளித் தீட்டணும். எந்தப் பல்லுல ஆரம்பிச்சோம்னு மறந்துடும்னு மஞ்சு ஒரு பல்லுக்கு நெயில் பாலிஷ் வெச்சிருந்தா. மரத்துல இருந்து செதில் செதிலா வந்தா பல்லு கூர்மையா இருக்கு. மாவு மாதிரி வந்தா போச்சு, திரும்ப அரத்தை எடுக்கணும்.

வெட்டின அடிமரத்துல கொத்தா துளிர் வரும். அதுல நல்லதா ரெண்டை விட்டுட்டு மீதியைக் கழிச்சுடணும். எதை விடறதுன்னு எங்களுக்குள்ள பெரிய சண்டையே நடக்கும்...

மிஷின் ஓடும்போது பின்னாடி நின்னு கத்தினா காதுல விழாது. அதுக்கு மஞ்சுவே ஒரு வழி கண்டுபுடிச்சா. மடி நிறைய மண்ணாங்கட்டி. தள்ளி நின்னு மர நுனியையே பாத்துட்டு இருப்பா. அங்க ஏதாவது அசைஞ்சா என் முதுகுல ஒரு கட்டி வந்து விழும். விழுந்தா என்ன ஏதுன்னு கேக்காம விலகிடணும். அவ வெட்டறப்போ நான் எறிவேன். சும்மா விளையாட்டுக்கு ஒரு தடவைகூட ரெண்டு பேரும் எறிஞ்சது இல்ல.

ஒரு நாள் குனிஞ்சு அறுத்துட்டு இருக்கேன், தோள்பட்டையில சுளீர்னு ஒரு கட்டி. விலகினேன். நான் நின்ன இடத்துலயே பக்கத்து மரத்துக் காய்ஞ்ச கிளை வந்து குத்தி நின்னுச்சு. எனக்கு பயம் அப்புறமாத்தான் வந்தது. மஞ்சு ஓடி வந்து என்னைப் புடிச்சுட்டு அழுதா.

"நான் இல்லாதப்போ இந்த மிஷினைத் தொடாத அண்ணி. பின்னாடி யாராவது நின்னுக்கினு இருந்தாத்தான் ஸ்டார்ட் பண்ணணும்."

சரின்னு அவ தலையில கை வெச்சு சொன்னேன்.

அப்புறம் அவளைப் பலமனேர்ல கட்டிக் குடுத்தோம். தூரம்னு சொல்ல முடியாது, ஆனா அங்க வீடு நிறைய கறவை மாடு. காலையிலயும் கறக்கணும், சாயங்காலமும் கறக்கணும். வந்தா கால் ஊணறதுக்குள்ள கிளம்பிடுவா. இப்ப வர்றதும் கொறைஞ்சு போச்சு.

தோப்பு அப்படியேதான் இருக்கு. "மொத்தமா வெட்டிக் குடுத்துடு, எதுக்குத் தனியா அல்லாடற"ன்னு வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவை வர்றப்பவும் சொல்றார். எனக்கு மனசு வரல. நான் வாய்விட்டுச் சிரிச்ச இடம்னு ஊர்ல எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்.

போன வருஷம் பேட்டரி மிஷின் வாங்கிக் குடுத்தார். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ண வேணாம், பெட்ரோல் கலக்க வேணாம், எடையும் கம்மி. ஆனா அந்தச் சத்தம் இல்ல. பழைய மிஷின் ஓடினா ரோட்டுல போறவங்க, "என்னாம்மா, வேலை நடக்குதா"ன்னு வேலிக்கு மேல எட்டிப் பார்ப்பாங்க. இப்ப நான் உள்ள இருக்கறதே யாருக்கும் தெரியாது.

இந்த மாசம் வேலியோரம் ஒரு மரம் காய்ஞ்சு சாய ஆரம்பிச்சுது. அடுத்த காத்துக்குத் தாங்காது. மிஷினை எடுத்துட்டுப் போய் நிக்கறேன், மஞ்சு போன்.

"தோப்புல இருக்கியா? பின்னாடி யாரு நிக்கறாங்க?"

"எதிர்வீட்டுப் பொண்ணு நிக்குது."

"அவகிட்ட குடு."

"...தண்ணி எடுத்தார போயிருக்கா."

அந்தப் பக்கம் மாடு கத்தற சத்தம் மட்டும் கேட்டுது. அப்புறம் மெதுவா, "இன்னிக்கு வேணாம் அண்ணி"ன்னா.

அன்னிக்கு வெட்டல. பேட்டரியைக் கழட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

மறுநாள் தனியாவே போய் வெட்டினேன். திரும்பவும் அவகிட்ட பொய் சொல்ல முடியாதுன்னு, போனை வீட்டுலயே வெச்சிட்டுப் போனேன்.