கீரைக்கு அடியில் மாத்திரை

லூர்து அக்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். "நீதான் டிகிரி படிச்சவ, நீயே எழுது" என்று நினைவு மலர் போடுகிறவர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆலங்குடியில் நான் வேலை பார்க்கும் வங்கிக்கு அம்மா போன் செய்தார். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை. "நர்சம்மா போயிருச்சுடி" என்றார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாராம். பிறகு அம்மா, "இன்னைக்கு மாத்திரை கொண்டாரேன்னு சொல்லுச்சே" என்று அழுதார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லூர்து அக்கா எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தின் செவிலியர். கட்டுமாவடியில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது இங்கே வேலைக்கு வந்தார். குரல் பெரிசு. "கடக்கரையில வளந்த தொண்டை. மெதுவாப் பேசுன்னா இருமல்தான் வரும்" என்பார்.

செவ்வாய்க்கிழமைகளில் அங்கே பிரஷருக்கும் சர்க்கரைக்கும் பரிசோதனை செய்து மாத்திரை கொடுப்பார்கள். அம்மாவுக்கு ஆறு வருடமாகப் பிரஷர். எனக்கு வங்கியில் வேலை கிடைத்ததும், "கவர்மெண்ட் மாத்திரை வாங்கப் போறது யாருக்கும் தெரிய வேணாம்மா" என்று சொன்னவள் நான்தான். அம்மா கூடையில் மாத்திரையை வைத்து மேலே முருங்கைக்கீரையைப் பரப்பிக்கொண்டு வருவார். பிறகுதான் கவனித்தேன், எங்கள் தெருவில் பல கூடைகளில் செவ்வாய்க்கிழமை கீரை இருந்தது.

அக்காவுக்கு இது தெரியாமலா இருக்கும்? "வா ஆத்தா, மொதல்ல கீரைக்குப் பிரஷர் பாக்கவா, ஒனக்குப் பாக்கவா?" என்று சிரிப்பார். ஆனால் அளவைச் சொல்லும்போது மட்டும் அந்தப் பெரிய குரலைத் தாழ்த்திக்கொள்வார். எங்களுக்காக அவர் பழகிக்கொண்ட குரல் அது.

போன வருடம் கட்டடத்தின் கூரை பெயர்ந்தது. பழுது பார்க்கும்வரை மாத்திரை கொடுப்பதைக் கீரமங்கலம் பக்கம் மாற்றுவதாகப் பேச்சு வந்தது. மாற்றினால் திரும்ப வராது என்று அக்கா பயந்தார். இங்கேயே வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடச் சொன்னார். முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, "நீ ஒரு வார்த்த சொல்லு தங்கச்சி. படிச்ச பிள்ள சொன்னா எடுபடும்" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் கூட்டத்தில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் மாமா ஒருவர் எழுந்தார். "கையில இன்சூரன்ஸ் கார்டு இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியிலேயே போயிப் படுத்துக்கலாம். இந்தச் சும்மா மாத்திரைக்கு ஒரு கட்டடமா?" என்றார்.

"கார்டு படுத்ததுக்கு அப்புறம்ங்க மாமா. படுக்காம நடமாடுறதுக்குத்தான் இந்த மாத்திர" என்றார் அக்கா.

"சரி, இங்க யாரு அதத் திங்கிறா? கையத் தூக்கச் சொல்லு, பாப்போம்."

யாரும் அசையவில்லை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். என் பக்கத்தில் அம்மாவின் கை மெல்ல எழுந்தது. மணிக்கட்டைப் பிடித்து மடியில் இறக்கிவிட்டேன். நிமிர்ந்தபோது அக்கா எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா நர்சம்மா? ஊரே ஆரோக்கியமா இருக்கு" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தீர்மானம் போடவில்லை. மாத்திரை கீரமங்கலம் பக்கம் போனது. இரண்டு பஸ் மாறிப் போக முடியாதவர்கள் பாதியில் நிறுத்தினார்கள், அம்மாவும்தான். வேலை முடிந்த பிறகு அக்கா ஸ்கூட்டியில் வீடுவீடாக வரத் தொடங்கினார். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் நான் அறைக்குள் ஒளிந்துகொண்டேன். "ஆத்தா, ஒன் மக இருக்காளா? சாப்பிட்டாளான்னு கேட்டேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அவருடைய நெஞ்சுவலிக்கும் அந்த அலைச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை.

கட்டுமாவடியில் அடக்கம். ஊரிலிருந்து வேன் பிடித்துப் போனோம். பெட்டிக்குப் பக்கத்தில் அம்மா நின்று, "ஆறு வருசமா எனக்கு மாத்திர குடுத்த பிள்ள" என்று சத்தமாகச் சொன்னார். எனக்கும், எனக்கும் என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். மண்டிக்கார மாமாவின் மனைவி, "எனக்குச் சர்க்கரைக்கு" என்றார். மாமா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் எண்ணவில்லை. கிராம சபையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் இருக்கும். கேட்க வேண்டியவர் வெள்ளைச் சேலையில் கண்மூடிக் கிடந்தார். கடலின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

போயிட்டு வாங்க அக்கா. சாப்பிட்டேன்.

ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். குடியரசு தினத்தன்று மறுபடி கிராம சபை கூடும். மாத்திரையை ஊருக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று மனு எழுதி வைத்திருக்கிறேன். யாரு திங்கிறா என்று அன்றும் யாராவது கேட்பார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் சொன்னதை அங்கே சொல்லுங்கள். என்னைப் போலப் பேச வராதவர்கள் கையைத் தூக்கினால் போதும். அம்மாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை அவர் கையைப் பிடிக்க மாட்டேன்.