லட்சுமி திறக்காத மதியம்

ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வெளிவந்தாக வேண்டும். அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளை எல்லாம் அடுக்கிச் சேர்த்த அந்தக் கனத்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டுதான் ஏஜெண்டுகள் ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கக் கிளம்புவார்கள். அதற்கு முந்தைய வாரம் திருத்தங்கல் அச்சகங்களில் யாரும் யாரிடமும் தேவையில்லாமல் பேசுவதில்லை. அந்த வாரத்தில்தான் என் கம்ப்யூட்டர் சில சாமிகளைக் காட்டமாட்டேன் என்றது.

முருகன் வந்தார். பிள்ளையார் வந்தார். வேளாங்கண்ணி மாதாவும் வந்துவிட்டார். லட்சுமி இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். அடுத்த பக்கத்தில் சரஸ்வதியும் அப்படியே. படக்கோப்புகள் இருந்த இடத்தில்தான் இருந்தன. அளவும் சரியாக இருந்தது. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளுக்கு மட்டும் அவை கண்ணில் படவில்லை.

எங்கள் டிசைன் ரூமில் நான்கு கம்ப்யூட்டர்கள். மூன்றில் ஊரெல்லாம் புழங்கும் மென்பொருள். அவற்றுக்கு முன்னால் மூன்று அண்ணன்கள். நான்காவது மூலையில் இருந்தது. அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம். ஒரு சீசனில் வைரஸ் புகுந்து எல்லாக் கோப்புகளும் போனபோது, எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் முதலாளியிடம் பேசிப் பேசி அதைக் கொண்டுவந்தாராம். அவர் வேலையை விட்டுப் போனபிறகு கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு விருதுநகரில் வீட்டோடு இருந்த எனக்கு வேலை கிடைத்ததே, அந்த மூலையில் உட்கார வேறு ஆள் இல்லாததால்தான்.

என்னோடு படித்தவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். ஒருமுறை ஒரு மென்பொருளின் மூல நிரலை இறக்கி, நானே கம்பைல் செய்து ஓட வைத்துவிட்ட சந்தோஷத்தில் வாட்சப் குழுவில் எழுதினேன். ஒருத்தி கட்டைவிரல் படம் போட்டாள். அதற்குக் கீழேயே யாரோ ஆபீஸ் கேன்டீன் பிரியாணியைப் போட, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. அம்மா நர்ஸ். அவளுடைய டூட்டி நேரமும் என்னுடைய பஸ் நேரமும் ஒத்துவராது. பேசவேண்டும் என்று நாள் முழுக்கச் சேர்த்துவைத்ததைப் பூட்டிய வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போடுவதுதான் வழக்கம்.

அந்த மூலையில் எனக்கு ஒரு துணை இருந்தது. முன்னால் இருந்தவர், படங்களைத் திருத்தும் ஒரு மென்பொருளின் மூல நிரலை எடுத்து, காலண்டர் வேலைக்குத் தோதாகச் சில பட்டன்களைச் சேர்த்துத் தானே கம்பைல் செய்து வைத்திருந்தார். நிரலுக்கு நடுவே அங்கங்கே தமிழில் குறிப்புகள். ஓரிடத்தில், “இந்த வரியைத் தொடாதே, ஏன் வேலை செய்யுதுன்னு எனக்கே தெரியல” என்று இருந்தது. படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மூன்று அண்ணன்களும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊரில் இன்னொருவரும் இதே கிறுக்கோடு இதே நாற்காலியில் இருந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அதை வாசிப்பேன்.

லட்சுமி காணாமல் போனதற்கு முந்தின நாள்தான் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன். புதியது வந்துவிட்டது என்று தெரிந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

அண்ணாச்சி, எங்கள் முதலாளி, வந்து வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தார்.

“நல்லா ஓடிக்கிட்டிருந்தத ஏம்மா நோண்டுன?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் காத்திருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பக்கங்கள் அச்சுப் பிளேட் போடப் போகவேண்டும், போகாவிட்டால் சிவகாசியிலிருந்து ஆளைக் கூப்பிட்டு அம்புட்டையும் அழித்து மற்ற மூன்று கம்ப்யூட்டர் மாதிரி இதையும் ஆக்கிவிடுவோம், பக்கங்களை முதலிலிருந்து அங்கே கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் நிஜமாகவே செய்துவிடுவார் என்று பட்டது. அழித்தால் எனக்கு முன்னால் இருந்தவருடைய நிரலும் போகும், குறிப்புகளும் போகும். நான் மறுபடி மூன்று அண்ணன்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருப்பேன்.

பிளேட் செக்‌ஷன் அண்ணன் எட்டிப் பார்த்தார். “லட்சுமி உங்கிட்ட நிக்க மாட்டேங்காகளா பாப்பா? சம்பள நாளு வரைக்கும் பொறுத்துப் பாரு.”

ஐகானைத் தட்டித் திறப்பதை விட்டுவிட்டு, கட்டளை அடிக்கும் டெர்மினலில் பெயரை அடித்து மென்பொருளைத் திறந்தேன். அப்படித் திறந்தால் அது உள்ளுக்குள் முணுமுணுப்பதெல்லாம் கேட்கும். ஓடிய வரிகளில் ஒன்று, டிஃப் என்ற வகைப் படங்களைப் படிக்கிற லைப்ரரியில் பதிப்புத் தகவல் இல்லை என்று எச்சரித்தது. கூடவே அந்த லைப்ரரி இருக்கும் இடத்தையும் சொன்னது. அந்த இடத்தை மறுபடி படித்தேன். அது இயங்குதளத்தின் பேக்கேஜோடு வந்த லைப்ரரி இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் கம்பைல் செய்து வைத்தது.

லினக்ஸில் ஒரு மென்பொருள் எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதில்லை. படத்தைப் படிக்க ஒரு லைப்ரரி, எழுத்தை வரைய ஒன்று என்று பொதுவில் இருக்கும். எல்லோரும் அதை எடுத்துப் புழங்குவார்கள். பேக்கேஜாக வருபவை ஓரிடத்தில் போய் உட்காரும், நாமே கம்பைல் செய்தவை வேறிடத்தில். ஒரே பெயரில் இரண்டு இடத்திலும் இருந்தால், நாம் செய்ததைத்தான் இயங்குதளம் முதலில் எடுக்கும். அவர் காலத்தில் பேக்கேஜில் பழைய லைப்ரரி வேறு பதிப்பு எண்ணோடு இருந்தது. அவர் செய்தது புதிய எண். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. நான் பதிப்பை ஏற்றியதும் பேக்கேஜ்களும் அந்தப் புதிய எண்ணையே தேட ஆரம்பித்தன. தேடிப்போய் அவருடையதைப் பிடித்துக்கொண்டன.

அவருடையதில் ஜேபெக் சுருக்கத்தைப் படிக்கும் பகுதி இல்லை. கம்பைல் செய்த அன்று அதற்கு வேண்டிய துணைக்கோப்பு கம்ப்யூட்டரில் இருந்திருக்காது. அது இல்லாவிட்டால் கம்பைல் ஆகும்போது அந்தப் பகுதி சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். அவருக்கு அது தேவைப்படவும் இல்லை, பழைய சாமிப் படங்கள் எல்லாம் வேறு விதமாகச் சுருக்கப்பட்டவை. இந்த வருடம் வெளியிலிருந்து வந்த லட்சுமியும் சரஸ்வதியும்தான் மேலே டிஃப், உள்ளே ஜேபெக்.

கண்டுபிடித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்து அண்ணன் ஹெட்போன் போட்டிருந்தார். பிளேட் செக்‌ஷனுக்குப் போய் அண்ணனிடம், எனக்கு முன்னால் இருந்தவரின் நம்பர் கேட்டேன். “என்ன பாப்பா, ஆளப் பாக்காமலே பழக்கமா?” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். வெட்கத்தைவிட அவசரம் பெரிதாக இருந்தது. காகிதக் கட்டுகளுக்கு நடுவே நின்று அழைத்தேன்.

எடுத்தவர் லாரி புக்கிங்கா என்று கேட்டார். திருப்பூரில் மாமனாருடைய லாரி ஆபீசைப் பார்த்துக்கொள்கிறாராம். நான் யார் என்று சொல்லிவிட்டு, லட்சுமி, லைப்ரரி, ஜேபெக் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கேட்பதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். அந்தத் தொடாதே என்ற வரி ஏன் வேலை செய்கிறது என்று எனக்கு இப்போது தெரியும், அதையும் சொல்ல நினைத்தேன்.



“அதெல்லாம் இன்னுமா கெடக்கு?” என்றார். “அழிச்சிருங்க மேடம். நான் போட்டத அம்புட்டையும் தூக்கிட்டா சரியாப் போகும்.”

அழித்தால் அவருடைய மென்பொருளும் திறக்காதே என்றேன்.

“அத வச்சு இனி யாரு என்ன செய்யப் போறாக?”

யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போன் கட்டாகிவிட்டது.

அவர் சொன்னது சரியான வழி. ஒரே வரி போதும். அடித்தும்விட்டேன். என்டர் தட்டவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, அவருடைய லைப்ரரிகளைத் தனியாக ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தினேன், யாரும் தேடிப்போகாத இடமாகப் பார்த்து. இயங்குதளம் வைத்திருக்கும் லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பித்தேன். பக்கத்தைத் திறந்ததும் லட்சுமி வந்தார், தாமரை, யானைகளோடு. சரஸ்வதியும் வந்தார். எல்லாப் பக்கங்களையும் பிளேட்டுக்கு அனுப்பினேன்.

அவருடைய மென்பொருள்தான் இப்போது திறக்கவில்லை. லைப்ரரியைக் காணோம் என்று பிழை காட்டிக்கொண்டு நின்ற நேரம் பார்த்து அண்ணாச்சி உள்ளே வந்தார். இன்னும் தகராறுதானா என்று கேட்டார். பக்கங்கள் போய்விட்டன அண்ணாச்சி, இது வேறே, அஞ்சு நிமிஷம் என்றேன். பிளேட் செக்‌ஷன் பக்கம் திரும்பி, “போயிருச்சாப்பா?” என்று கேட்டார். போயிருச்சு என்று பதில் வந்ததும் நடையைக் கட்டினார். அவ்வளவுதான். எப்படிச் சரியானது என்று அவர் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை.

ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். இந்த மென்பொருளைத் திறக்கும்போது மட்டும், லைப்ரரிகளை முதலில் அந்தத் தனி ஃபோல்டரில் தேடு என்று அதற்குச் சொல்லவேண்டும். முதல் தடவை, நான் விட்டுவிட்டு வந்த இன்னொரு லைப்ரரி இல்லை என்றது. அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இரண்டாம் தடவை திறந்தது. சாம்பல் நிற ஜன்னல், மேலே அவருடைய பட்டன்கள். பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன்கள் பைக் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஏசியை அணைத்துவிட்டு வரச்சொன்னார்கள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. மதியம் நான் அழைத்த நம்பர். எடுத்தேன். பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

“அழிச்சிட்டீகளா?” என்றார்.

“இல்ல. வேற எடத்துல வச்சிருக்கேன். ஓடுது.”

“ஓடுதா?”

“ம். லட்சுமியும் வந்துட்டாக.”

விருதுநகர் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

“மேல கடைசியா ஒரு பட்டன் இருக்கும். அது ஒண்ணும் செய்யாது. பாதில விட்டுட்டேன். அமுக்கிறாதீக, அப்படியே நின்னு தொங்கிரும்.”

“அமுக்கிட்டேன்” என்றேன்.

அவர் சிரித்தார். குழந்தையை யாரோ அவர் கையில் கொடுத்துவிட்டார்கள் போல, அழுகை பக்கத்தில் வந்தது. அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டார். பேசவில்லை. சீசன் முடிந்து தை மாதமும் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் நான் அந்தக் கடைசிப் பட்டனுக்கான நிரலை எழுதிக்கொண்டிருக்கிறேன். அது என்ன செய்ய வேண்டும் என்று அவரைக் கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை. ஆகவே எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.