ஏழாம் தாழியும் எண்ணெய்ச் சீஸும்

ஊரில் அவளை வெறும் காசில்டா என்று யாரும் சொல்வதில்லை. ‘ச்சீக்காரி காசில்டா’ என்றால்தான் தெரியும். ஏழு வயதில், சுருட்டு பிடித்த கையோடு சித்தப்பா கறந்த பாலைத் தொடமாட்டேன் என்று தள்ளிவிட்டவள். கல்யாணத்தன்று பூண்டு வாடையோடு முத்தமிட வந்த ஞானத்தகப்பனைக் கையை மட்டும் நீட்டித் தூரத்திலேயே நிறுத்தியவள். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே சாமியாரிடம் போய் நின்றாள்.

“பீடத்து ரசம் புளிச்சுப்போச்சு சாமி. மூணாவது வரிசைல இருந்த எனக்கே குமட்டுது.”

“அன்போட எதைக் குடுத்தாலும் ஆண்டவர் ஏத்துக்குவார் மகளே.”

“சிலுவைல தொங்கும்போதே அவருக்குக் காடிய நீட்டியாச்சே. திரும்பவும் எதுக்கு சாமி?”

மறுவாரம் சாமியார் புதுப் புட்டி திறந்தார்.

அந்த மூக்கைக் கடவுள் வீணுக்குக் கொடுக்கவில்லை. புருஷன் இலாரியோ இருநூறு ஆடுகளை மேய்த்தான்; பாலெல்லாம் அவள் கைக்கு வந்தது. ஒரே ஓர் ஆட்டின் மடியில் வீக்கம் இருந்தாலும் அண்டாப் பால் முழுவதையும் கீழே ஊற்றிவிடுவாள். இலாரியோ தலையில் கை வைத்துக்கொள்வான். அவள் அசையமாட்டாள். சீஸை அச்சில் அழுத்தி, உப்புநீரில் போட்டு, பாறைக்குகையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் தினம் புரட்டிவிட்டு, மேல்தோலை ஆலிவ் எண்ணெய்த் துணியால் துடைப்பாள். பக்கவாட்டில் கோரைப்பின்னல் வரிகள் அழுந்தியிருக்கும். தடவிப் பார்த்தே வயது சொல்வாள்.

எதற்கு எந்த ஒயின் என்பதும் அவளுக்கு மனப்பாடம். இரண்டு மாதம்கூட ஆகாத இளஞ்சீஸுக்கு அந்த வருஷத்து வெள்ளை. ஆறு மாதத்துக்கு இளஞ்சிவப்பு ஒயின் அல்ல, நல்ல சிவப்பு, ஆனால் மரப்பீப்பாய் பார்க்காதது. வருஷம் தாண்டியதற்குப் பீப்பாயில் கிடந்து முதிர்ந்த சிவப்பு. ஒன்றரை வருஷம் ஆகி, ஜாடியில் எண்ணெயில் ஊறி, நாக்கைச் சுரீர் என்று கடிக்கிறதே, அதற்குத் தெற்கிலிருந்து வரும் பழைய ஷெர்ரி. “மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடி நிக்காது. அது வாயை மூடிப்புடும், அப்புறம் எதைக் குடிச்சாலும் ஒண்ணுதான்” என்பாள்.

இது அவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி அல்ல. அக்காள் புருஷன் லெயாந்த்ரோவுக்கும் தெரியும். அவர் ஊர்க் கூட்டுறவு ஒயின்சாலையின் தலைவர்; ஊர்த் திராட்சையெல்லாம் அங்கே பெரிய தாழிகளில்தான் ஒயினாகும்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கையில் கூஜாவோடு வந்தார். “காசில்டா, உனக்கு நல்ல காலம் பொறந்தாச்சு. வியாழக்கிழமை தலைநகரம் மத்ரீத்துலருந்து ஒரு அம்மா வருது. ஆறு ஓட்டல் வச்சிருக்கு. நம்ம சிவப்பையும் உன் சீஸையும் சேர்த்து வைக்கப்போறேன். எண்ணெய்ச் சீஸ் கொண்டா. இருக்கிறதிலயே பழசு, நல்லாக் காரமா.”

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இருபத்தாறு வருஷமாகச் சந்தைக்கு மேல் அவள் சீஸ் எங்கும் போனதில்லை. மத்ரீத் மேசையில் தன் சீஸ் இருக்கவேண்டும் என்று மாதாவிடம் எத்தனை முறை மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள்! மகிழ்ச்சியோடு கூஜாவின் மூடியைத் திறந்தாள்.

காடி. அதோடு சுவருக்கு அடிக்கும் பெயின்ட் நாற்றம். அடியில் ஈரச்சாக்கு. தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“ச்சீ! எந்தத் தாழி அத்தான் இது?”

“ஏழு.” குரலைத் தாழ்த்தினார். “நாப்பது குடும்பத்துப் பழம் அதுல கெடக்கு. உன் அக்கா பழமும்தான். மோந்ததுமே நீ கண்டுபிடிச்சிருவன்னு தெரியும். அதனாலதான் உன்கிட்டயே வந்தேன். முதல்ல சீஸைக் குடு, நல்லா நாக்குல ஒட்டட்டும். அப்புறம் ஒயின். யாருக்குத் தெரியும்?”

அவர் போனபிறகு கூஜா இருந்த இடத்தைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினாள். நாற்றம் போனபாடில்லை. தன் சீஸ், ஒரு வருஷம் ஆறு மாதம் பிள்ளைபோல் புரட்டிய சீஸ், இந்தக் கழிசடையின் வாயைத் துடைக்கும் கந்தலா?

“வேணாம்னு சொல்லிரு” என்றான் இலாரியோ.

“அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

“அப்ப சரின்னு சொல்லு.”

“சாமி மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

“ஏதாவது ஒரு மூஞ்சியப் பாத்துத்தான் ஆகணும் புள்ள” என்று அவன் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டான்.

வியாழக்கிழமை எண்ணெய் ஜாடியைக் கூடையில் வைத்தாள். அதன்மேல் நாற்பது நாள் இளஞ்சீஸ் ஒன்றையும் வைத்தாள். ஒயின்சாலை மேசையில் வெள்ளைத்துணி விரித்திருந்தது. மத்ரீத் அம்மாவின் பெயர் பெகோன்யா. குட்டைமுடி, எதற்கும் சிரிக்காத முகம். காசில்டா ஜாடியைத் தொடவில்லை. இளஞ்சீஸை எடுத்து வெட்டினாள்.

லெயாந்த்ரோவின் காது சிவந்தது. “பழசு எங்க?” என்று பல்லைக் கடித்தார்.

பெகோன்யா ஒரு துண்டு தின்றாள், தலையசைத்தாள். ஏழாம் தாழிச் சிவப்பை ஒரு வாய் குடித்தாள். அப்படியே வாளியில் துப்பினாள்.

“இது கெட்டுப்போச்சு.”

துணியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் காசில்டா பக்கம் திரும்பினாள். “உங்க சீஸ் நல்லா இருக்கு அம்மா. சும்மா ஒரு கேள்வி. இந்த ஒயினோட எந்த சீஸ் சேரும்?”

காசில்டாவுக்குப் பொய் வராது. வராமல் போனது அவள் கெட்டிக்காரத்தனம் அல்ல, ஆண்டவர் அப்படிப் படைத்துவிட்டார். “ஒண்ணரை வருஷத்து எண்ணெய்ச் சீஸ். சேராது, மறைக்கும். கூடைலதான் இருக்கு. எடுக்க மனசு வரல.”

“எடுங்க.”

எடுத்தாள். பெகோன்யா மென்றாள், குடித்தாள். இம்முறை துப்பவில்லை. இன்னொரு துண்டு, இன்னொரு வாய். முதல் தடவையாகச் சிரித்தாள்.

“அட, சுத்தமாத் தெரியலையே! தலைவரே, பாதி விலைக்குத் தாழியப் பூரா எடுத்துக்கறேன். அம்மா, உங்க எண்ணெய்ச் சீஸ் எவ்வளவு இருந்தாலும் எனக்கே. ரெண்டையும் ஒரே தட்டுல வச்சு, கிராமத்துச் சாப்பாடுன்னு பேர் போட்டா அள்ளிக்கிட்டுப் போகும்.”

“தெரிஞ்சேவா குடுப்பீங்க?” என்றாள் காசில்டா.

“சாப்பிடறவங்களுக்குத் தெரியாதுல்ல.”

லெயாந்த்ரோ மூச்சு விட்டார். “கடவுள் கண்ணத் தொறந்துட்டார் காசில்டா!”

கடவுள் பெயரை அந்த வாளிக்குப் பக்கத்தில் கேட்டதும் காசில்டா மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஏழாம் தாழிகூட அந்த அளவுக்கு நாறவில்லை. கெட்டுப்போன ஒயினாவது தான் கெட்டுப்போனதை ஒத்துக்கொள்ளும். ஆறு ஓட்டல்களும் மாதாவும் மெழுகுவத்திகளும் மனதில் வந்து நின்றார்கள். வந்தபடியே போய்விட்டார்கள். ஜாடியின் மூடியை அழுத்தி மூடினாள்.

“சீஸ் விக்கல.”

“அம்மா, கேட்ட விலை...”

“விலைய நான் கேக்கவே இல்லையே. இளசு வேணும்னா சந்தைல வாங்கிக்கங்க. இது விக்கல.”

“பாவி, நாப்பது வீட்டு அடுப்புல மண்ணப் போடறியே!” லெயாந்த்ரோ மேசையைத் தட்டினார். வெள்ளைத்துணியில் சிவப்பு சிந்தியது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று வாந்தி எடுத்தாள்.

தவக்காலம் முழுவதும் அக்கா ரெமேதியோஸ் பேசவில்லை. கோவிலில் இடம் மாறி உட்கார்ந்தாள். ஈஸ்டர் திங்கள் அன்றுதான் வாசலில் வந்து நின்றாள்.

“போன வாரம் தாழி காலி ஆயிருச்சு. பக்கத்து ஊர்க்காரன் எண்ணெய்ச் சீஸ் குடுத்தான். அந்தப் பொம்பளை அள்ளிக்கிட்டுப் போயிட்டா. நீ மறுத்து என்ன கிழிச்ச?”

“எந்த ஊர்?”

அக்கா சொன்னாள். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டதுபோல, காசில்டா இடுப்பில் கட்டிய துணியில் இரண்டு கையையும் அழுத்தித் துடைத்தாள். பிறகு கதவை அகலத் திறந்துவிட்டாள்.

“உள்ள வா அக்கா. ஆறு மாசத்து சீஸ் வெட்டினேன். அந்தத் தாழி ஒயின் மட்டும் உங்க வீட்டுலருந்து எடுத்துட்டு வரலியே?”

“இல்லடி” என்றாள் அக்கா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. “எனக்கே அதக் குடிக்கப் புடிக்கல.”