சத்தம் புகாத ஹெட்போன்

என் இடது காதில் ஒரு வண்டு குடியேறியது. நிஜ வண்டு இல்லை. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து குழம்பு தாளிக்கும்போதும் ‘ஙொய்’ என்று விடாமல் ஒரு இரைச்சல். அப்போது லிங்கராஜபுரத்தில் எங்கள் சபைக்கு டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். காது டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணு டிரம்ஸை விடுங்க, இல்லைன்னா காதை நல்லா மூடிக்கிட்டு வாசிங்க. இப்படியே போனா இந்தக் காது தேறாதும்மா” என்றார். விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வாரம் முழுக்க ஆபீஸிலும் வீட்டிலும் எவரெவரோ சொன்னதைச் செய்துகொண்டிருந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் மட்டும் ஒரு கூடமே என் கைக்குக் கட்டுப்பட்டது. அந்த ருசியை விடுவேனா?

என் கணவர் வேலூரிலிருந்து ஐ.டி. வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு கருவி இருக்கும். விமானத்தில் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும், பேட்டரியில் ஓடி வெளிச் சத்தத்தை அமுக்கும் ஹெட்போனை எடுத்துக் கொடுத்து, “போட்டுப் பாரு, உலகமே ஆஃப் ஆயிடும்” என்றார். ஆனது. ஃபேன் சத்தம் நின்றது, தெருவில் ஆட்டோ இரைவது நின்றது, அவர் பேச்சுகூடப் பாதி நின்றது. ஆனால் ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மில் ஒரு அடி போட்டதும் ஊசி மாதிரி நேராக உள்ளே இறங்கியது. அந்தக் கருவிக்கு ஒரே சீராக இரைகிற சத்தத்தைத்தான் அமுக்கத் தெரியும். பளீரென்று விழும் அடியை அது என்ன செய்யும்? டிரம்ஸ்காரர்களில் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். விலை உயர்ந்ததை வாங்கி மாட்டிக்கொண்டு, அடியை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டி, மிச்சமிருக்கும் காதையும் தொலைக்கிறார்கள்.

எனக்குத் தேவை வித்தை எதுவும் தெரியாத ஹெட்போன். கனத்த மூடி, இறுக்கமான பிடி, அவ்வளவுதான். பிரேசர் டவுன் பக்கம் வாத்தியக் கடை ஒன்றில் அப்படி ஒன்று இருந்தது.

“ஒரு பாட்டு போட்டுக் கேளுங்க மேடம், பேஸ் சும்மா அதிரும்” என்றார் விற்பனையாளர்.

“பாட்டு வேணாம்ப்பா. அந்த ஸ்னேரை இப்படித் தள்ளு.”

“அது டிஸ்ப்ளே பீஸ் மேடம். அடிக்கக் கூடாது.”

“அடிக்காம எப்படித் தெரியும்?”

பையிலிருந்து என் குச்சியை எடுத்து ஓங்கி ஒன்று போட்டேன். கிட்டார் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் துள்ளிப்போனார். “ஸ்வல்ப மெதுவா மேடம்!” என்று விற்பனையாளர் கன்னடம் கலந்து வாயசைத்தது தெரிந்தது. எனக்கோ பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்திய மாதிரி இருந்தது. ஆனாலும் எங்கேயோ ஒழுகியது. தடவிப் பார்த்தேன். என் மூக்குக் கண்ணாடியின் காம்பு காதுக்கும் மூடிக்கும் நடுவே சந்து விட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி அடித்தேன். இப்போது அடி பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. கடையும் மங்கிப்போயிற்று. கண்ணா காதா என்றால் டிரம்ஸ்காரிக்குக் காதுதான். கண்ணை மூடிக்கொண்டே வாசிப்பேன் என்ற திமிர் எனக்கு இருந்தது.

சபையில் அந்த ஹெட்போனின் ஒயர் வழியாக இரண்டு விஷயங்கள் வரும். ஒன்று, தாளம் தப்பாமலிருக்க ‘டிக் டிக்’ என்ற சத்தம். இன்னொன்று, பாட்டு நடத்துகிறவரின் குரல். அவர் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன மைக் இருக்கும். அதில் அவர் பேசுவது வாத்தியம் வாசிக்கிற எங்கள் காதுகளுக்கு மட்டும் கேட்கும், சபைக்குக் கேட்காது. ‘கடைசி வரி இன்னொரு தடவை’, ‘மெதுவா’ என்று சொல்வதற்காக வைத்தது.

அவர் அதில் என்னைத்தான் பேசினார்.

“சிஸ்டர், அது டிரம்ஸு. துணி துவைக்கிற கல்லு இல்ல.” “கையா அது, கரண்டியா?” “ஒரு பீட்டு நேரா நிக்கல. உன்னை வெச்சு உன் புருஷன் எப்படித்தான் காலம் தள்ளுறாரோ.” சொல்லிவிட்டுப் பெரிய மைக்குக்குத் திரும்பி, கண்களை மூடி, கைகளை உயர்த்தி, தேன் ஒழுகப் பாடுவார். கிட்டார்காரரும் கீபோர்டுக்காரரும் தலையைக் குனிந்து சிரிப்பார்கள். முன்பெல்லாம் சாதா இயர்போனை மாட்டிக்கொண்டு வாசித்தபோது என் அடியின் இரைச்சலில் அவர் பேச்சு பாதி அமுங்கிப்போயிருக்க வேண்டும். இப்போது நான் தேடித் தேடி வாங்கிய ஹெட்போனுக்குள் அவர் குரலைத் தவிர வேறு எதுவுமே இல்லை. அவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

கணவரிடம் சொன்னேன். “அவரு கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்டு. உன் நல்லதுக்குத்தான் சொல்வாரு” என்றார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அந்தத் தேனை மட்டும் குடித்தவருக்கு வேறென்ன தெரியும்? எனக்கு எரிந்தது. ஹெட்போனைக் கழற்றினால் காது போகும். போட்டிருந்தால் மானம் போகிறது. இரண்டும் போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க ஒரே வழிதான் தோன்றியது. ஒயரைப் பிடுங்கிவிட்டு வெறும் மூடியாக மாட்டிக்கொண்டேன்.

என்ன அமைதி! என் அடியே எனக்குத் தூரத்தில் கேட்டது. மற்றவர்கள் வாசிப்பது பாதத்தில் லேசான அதிர்வாக மட்டும் வந்தது. பாட்டுகள் எல்லாம் மனப்பாடம். நிறுத்த வேண்டிய இடத்தில் அவர் கையைத் தூக்குவார், கண்ணாடி இல்லாத என் கண்ணுக்கு ஒரு வெள்ளைச் சட்டை மேலே போவது தெரியும், நிறுத்திவிடுவேன். சில வாரங்கள் இப்படியே ஓடின. ராணி மாதிரி வாசித்தேன்.

ஈஸ்டர் ஆராதனை அன்று கூடம் நிரம்பி வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். வேகமான பாட்டு. உச்சத்தில் உருட்டி உருட்டி அடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை மேலே போகவில்லை. நானும் நிறுத்தவில்லை. பாதத்தில் அதிர்வு இல்லையே என்று உறைப்பதற்குள் நிறைய அடித்துவிட்டேன். மங்கலாக எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பியிருந்தன. கிட்டார்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பாட்டு நடத்துகிறவர் கையைத் தூக்காமல், சின்ன மைக்கில் மட்டும் ‘நிறுத்து’ என்று சொல்லி எல்லோரையும் நிறுத்தியிருக்கிறார். நான் ஒருத்தி மட்டும் மூடிய காதோடு, கூட்டத்துக்கு நடுவே தனியாக மொத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் பெரிய மைக்கில் ஏதோ பேசினார். வாய்கள் திறந்தன, தோள்கள் குலுங்கின. ஹெட்போனைக் கழற்றினேன். அத்தனை பேர் சிரிப்பிலும் என் கணவரின் சிரிப்பை எனக்குத் தனியாகப் பிரித்தெடுக்கத் தெரியும். அதுதான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது.

ஆராதனை முடிந்ததும் பாட்டு நடத்துகிறவர் என் பக்கத்தில் வந்து, “ஒயரைப் புடுங்கினா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா, சிஸ்டர்?” என்றார். எல்லோரும் பார்க்க என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பும்போது கணவரிடம் கேட்டேன். “மைக்ல என்னதான் சொன்னாரு?”

“‘சபையிலயே நிறுத்த முடியலையே, வீட்டுல பிரதர் நிலைமையை நெனச்சுப் பாருங்க’ன்னாரு.” மறுபடியும் அவருக்குச் சிரிப்பு வந்தது. “என்னைத்தானே கிண்டல் பண்ணாரு, உன்னை இல்லையே. நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?”

அவர் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டுச் சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஸ்டூலில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது வரிசையில் கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடி போட்டிருந்ததால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பாட்டு நடத்துகிறவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, “எல்லாரும் சந்தோஷமா கை தட்டிப் பாடுங்க” என்றார். நான் தட்டினேன்.