அடிப் பெட்டியைத் திறந்தனியோ?

எங்கள் அக்காவின் ஓராண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்கா ஒருவர் மனமும் நோகப் பேசாதவர் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அக்காவுக்கும் அது பிடித்திராது. நான் அவருடைய தம்பி. பதினெட்டு வருடங்கள் அவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்தவனும்கூட. அந்த இரண்டாவது உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது இறக்கக்கண்டிக் கிராமத்தில். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் திருமணமாகித் திருகோணமலை நகரத்துக்கு வந்தார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மீன், மரக்கறி, முட்டை கொடுப்பது அத்தானின் தொழில். வெள்ளைக்காரக் கடற்படை போய்த் துறைமுகம் வெறிச்சோடிக் கிடந்த நாட்களில் அத்தான் காய்ச்சலில் தவறிப்போனார். மகளுக்கு அப்போது ஆறு வயது. கடையைப் பூட்டிவிட்டு ஊருக்கு வரும்படி வீட்டார் கேட்டார்கள்.

"பூட்டினால் பிறகு ஆர் திறக்கிறது?" என்று மட்டும் அக்கா கேட்டார். மறுநாள் காலை தானே துறைமுக ஜெட்டிக்குப் போனார்.

புருஷனை இழந்த பெண் கப்பலில் ஏறி இறங்குகிறாள் என்று ஊர் பலதும் கதைத்தது. அக்காவும் அன்றிலிருந்து எவரையும் எதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார். முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார். கத்தரிக்காய்ச் சாக்கைத் தலைகீழாகக் கொட்டச் சொல்வார். "மேல கிடக்கிறது எங்களுக்குக் காட்டுறதுக்கு அடுக்கினது. அடியில என்ன கிடக்கு எண்டு பார்" என்பார்.

அரசாங்க வேலைக்கு எழுதி எழுதிச் சலித்து நான் அக்காவிடம் வந்தேன். முதல் நாள் கடைக் கதிரையில் இருந்துவிட்டேன்.

"தம்பி எண்டு வந்தனியோ, வேலைக்கு வந்தனியோ?"

"வேலைக்குத்தான் அக்கா."

"அப்ப எழும்பு."

கப்பல் சமையற்காரர் ஒருவர் போஞ்சிக்காய் கேட்டால், "வரும், பொறுங்கள்" என்று இழுத்து வைப்பதுதான் வியாபாரம் என்று நான் நினைத்திருந்தேன். அக்கா முகத்துக்கு நேரே, "இல்லை. நாளைக்கும் வராது. வேற இடத்தில வாங்குங்கோ" என்பார். அந்தச் சமையற்காரர் அடுத்த முறை நங்கூரம் போட்டதும் எங்கள் கடையைத் தேடித்தான் வருவார். இது எனக்கு விளங்கவே இரண்டு வருடம் சென்றது.

அதற்குள் எனக்கும் அக்காவின் வியாதி தொற்றிவிட்டது. ஜெட்டிக்குச் சாமான் ஏற்றிப்போகும் எங்கள் மாட்டுக் கரத்தைக்காரர் என்னைப் பற்றி அக்காவிடம் போய்ச் சொல்கிறார் என்று சந்தேகப்பட்டேன். நான் ஜெட்டியில் நிற்கும்போது அக்கா எங்கோ மறைவில் நின்று பார்க்கிறார் என்றும் தோன்றும். திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். ஒருநாளும் கண்டதில்லை.

எங்களுக்கு மீன் தந்தவர் குடாவுக்கு அக்கரையில் கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் வியாபாரி; எல்லோருக்கும் அவர் கிண்ணியா நானா, அதாவது அண்ணன். ஒருநாள் காலை மூன்று பெட்டி பாரை மீனை ஐஸ் போட்டுத் தனித்தனியே கயிற்றால் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஜெட்டியில் இறக்கிவிட்டுப் போனார். ஒவ்வொரு பெட்டியையும் அவிழ்த்துப் பார்த்து நானே திரும்பக் கட்டவேண்டும் என்பது அக்காவின் சட்டம். நான் மேல் பெட்டியை மட்டும் பார்த்தேன். கப்பலுக்குப் போகும் வள்ளம் வர இரண்டு மணித்தியாலம் பிந்தியது. பெட்டிகள் வெயிலில் இருந்தன. நான் தேத்தண்ணிக் கடை நிழலில் இருந்தேன்.

இரண்டு நாளில் அந்தக் கப்பலில் ஆறேழு பேர் வயிற்றாலடியில் படுத்துவிட்டார்கள். கப்பல் ஏஜன்ட் கடைக்கே வந்து, நானா பழைய மீனைத் தள்ளிவிட்டிருக்கிறார் என்றார். அக்கம்பக்கத்துக் கடைக்காரரும் அதையே சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை.

எல்லோரும் ஒரே கதையைச் சொன்னதுதான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அடிப் பெட்டியைத் திறந்தனியோ?"

"ஓம் அக்கா, திறந்தனான்."

"வா, கப்பலுக்குப் போவம்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா கப்பல் ஏணியில் ஏறினார். வெற்றுப் பெட்டிகள் சமையல் அறைக்குப் பின்னால் கிடந்தன. அடிப் பெட்டிக் கயிற்றைக் கப்பல்காரர் கத்தியால் வெட்டியிருந்தார்கள். முடிச்சு அப்படியே இருந்தது. அது நானா போட்ட முடிச்சு. நான் அவிழ்த்திருந்தால் அங்கே என் முடிச்சு இருந்திருக்கும். அக்கா அந்தக் கயிற்றை என் கையில் தந்தார். "திறக்கேல்லை அக்கா" என்றேன். வெயிலில் வைத்ததையும் நானே சொன்னேன்.

அங்கிருந்து நேரே ஏஜன்டிடம் போனோம்.

"மீன் தந்தவரில பிழை இல்லை. என்ர ஆள் வெயிலில வச்சவன், பார்க்காமல் ஏத்தினவன். பிழை எங்கட கடையில."

"நீங்கள் சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிராதே" என்றார் ஏஜன்ட்.

"எனக்குத் தெரியுமே."

அந்த ஏஜன்டின் கப்பல்கள் பல மாதம் எங்களிடம் வாங்கவில்லை. கடை ஆட்டம் கண்டது. நான் வேலையை விட்டுப் போகிறேன் என்றேன். "போனால் நீ தப்பிடுவாய். நில்" என்றார் அக்கா. பிறகு, "கிண்ணியாவுக்குப் போய் நானாட்டை நீயே சொல்லு. அவரைத்தான் ஊர் கள்ளன் எண்டு கதைக்குது" என்றார்.

மறுநாள் கிண்ணியாவுக்கு ஆள் ஏற்றும் லாஞ்ச் நிற்கும் இடம்வரை போனேன். ஏறாமல் திரும்பிவிட்டேன். மாலையில் அக்கா கேட்டார்.

"போனனியோ?"

"ஓம், போனனான்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. முட்டையைக்கூட நம்பாதவர் இதை எப்படி நம்பினார் என்ற சந்தேகம் அன்று என்னைப் பிடித்தது. நானா பிறகும் மீன் கொண்டுவந்தார், வழமைபோலச் சிரித்துப் பேசினார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பன்னிரண்டு வருடம் யோசித்தேன்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியிலும் அக்கா மாறவில்லை. "நேற்றுத் தந்த குளிசை வேற நிறம்" என்று தாதியை மறித்து, மருந்துக் கடுதாசியைப் பார்க்கவைப்பார். அக்காவின் மகள் பொறுமையோடு பக்கத்தில் இருந்தாள். ஒரு விடியற்காலையில், நித்திரையிலேயே அக்கா போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நானா பொல்லூன்றிக்கொண்டு வந்தார். அன்றுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் தம்பி. கப்பலால இறங்கின அண்டைக்குப் பின்னேரமே உங்கட அக்கா வந்து சொன்னவ."

"பிறகு ஏன் நானா என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை?"

"'அவன் வருவான், அதுவரைக்கும் நீங்க வாய் திறக்கப்படாது' எண்டு சொல்லிப்போட்டா. மாசம் ஒருக்கா என்னட்டைக் கேப்பா, 'வந்தவனோ?' எண்டு. படுக்கையில விழுகிறதுக்கு முந்தின மாசமும் கேட்டவ."

அக்காவைக் கவனித்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும், துக்க நாட்களில் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், கிரியைகளை முன்னின்று நடத்தியவர்களுக்கும், தூர இடங்களிலிருந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பன்னிரண்டு வருடம் எனக்காக வாய் மூடியிருந்த கிண்ணியா நானாவுக்கும் நன்றி. அந்த மீனைப் பற்றி அன்று அவர்மேல் பழி பேசியவர்கள் யாராவது இதை வாசித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அவரில் பிழை இல்லை. பிழை என்னுடையது.