வீடு எந்த நட்டஈட்டில் வரும்?

நல்லதண்ணி பஸ் ஹட்டனுக்குள் நுழையும்போது அதன் கண்டக்டர் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டபடிதான் வருவார். போன வாரம் எங்கள் தொழிற்சங்க அலுவலகத்து வாசலில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, "அக்கா, ஒங்க ஒத்தக்கை அண்ணன் போயிட்டாராம். நாளைக்குத்தான் எடுக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அலுவலகச் சாவியை எங்கே வைத்தேன் என்று அன்று பொழுது சாயும்வரை தேடிக்கொண்டிருந்தேன்.

முனியாண்டி அண்ணனை உங்களில் பலர் தேயிலைத் தொழிற்சாலை வாசலின் காவல்காரராகத்தான் அறிந்திருப்பீர்கள். தோட்டத்து மேனேஜர் துரையின் ஜீப்புக்கு இடது கையால் சல்யூட் வைப்பார். ஜீப் உள்ளே போனதும், "வலது கை உள்ள வேலைக்குப் போயிருக்கு, அதான்" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிச் சிரிப்பார். கேட்டவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில், அதே தொழிற்சாலையில் ரோலர் மெஷினில் வேலை செய்தபோதுதான் அந்தக் கை போனது. பெல்ட்டை மூடியிருந்த இரும்புக் கூடு கழன்று போய், அந்த இடத்தில் ஒரு சாக்கைக் கட்டி வைத்திருந்தார்கள். பழுது பார்க்கச் சொல்லி அண்ணனும் மற்றவர்களும் பல தடவை கேட்டிருக்கிறார்கள். கொழுந்து குவிந்து கிடக்கும் காலத்தில் மெஷினை நிறுத்த யாருக்கும் மனமில்லை. ஒருநாள் சாக்கு பெல்ட்டில் சிக்கியது. அதை இழுக்கப்போன கையும் கூடவே போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டத்தில் என்னென்ன உண்டு என்று விளக்கினேன். வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு உண்டு. கையை இழந்ததற்கு மொத்தமாக ஒரு தொகை உண்டு. எந்த வேலையும் செய்ய முடியாமல் போனால் அந்தத் தொகை கூடும். உயிரே போனால் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல வீடு எதுல வருதுங்க, தங்கச்சி?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு எங்கள் சங்கத்திலும் பதில் இல்லை. வரிசை வீடுகளான லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் ஒற்றை அறை, அந்தக் காம்பரா, தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவர் பெயராவது தோட்டத்து வேலைப் பதிவில் இருந்தால்தான் அதில் குடியிருக்கலாம். மனைவி இறந்துபோன வீட்டில் இருந்தது அவர் பெயர் ஒன்றுதான். கைக்குக் கிடைக்கும் தொகையை வைத்து ஹட்டன் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கி, மகள் செல்வியை லயத்தைவிட்டு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

நம்முடைய தொழிற்சாலைகளில் ரோதமுனி குடியிருக்கிறார். சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் அவர்தான் சாமி. வருசத்துக்கு ஒருமுறை சேவல் அறுத்துப் பூசை போடாவிட்டால் மெஷின் காவு கேட்கும் என்பார்கள். அந்த வருசம் சேவல் வாங்கும் முறை முனியாண்டி அண்ணனுடையது. அதற்கு வைத்திருந்த காசை அவர் செல்வியின் டியூசனுக்குக் கட்டிவிட்டார். பூசை நடக்கவில்லை. கை போனதற்குக் காரணம் அதுதான் என்று அவர் நம்பினார். கூடு கழன்று கிடந்ததுதான் காரணம் என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார்.

விசாரணையில் என்ன பேச வேண்டும், எதைப் பேசக்கூடாது என்று சொல்லிக்கொடுத்துத்தான் அழைத்துப் போனேன். மூடியில்லாத மெஷின் என்று தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றார் அண்ணன். தெரிந்தும் ஏன் கையை விட்டாய் என்றார் அதிகாரி. பெஞ்சுக்கடியில் நான் அவர் காலை மிதித்தேன். அவர் எழுந்து நின்றுகொண்டு, "தப்பு என்னோடதுதாங்க ஐயா. யார் மேலயும் பழி போடக்கூடாது" என்றார். கம்பனிக்காக வந்திருந்தவர் அதன் பிறகு வாயைத் திறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. தொழிலாளி வேண்டுமென்றே விதியை மீறினார், நட்டஈடு கிடையாது என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். சேவல் கதையை நான் விளக்கப்போனேன். அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். வாழ்நாளில் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை, அண்ணன் மேலும்தான்.

மேல்முறையீடு செய்யலாம் என்றேன். அது முடிய எத்தனை காலமாகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதுவரை வேலை கிடையாது. வேலை இல்லாவிட்டால் காம்பராவும் கிடையாது. வழக்கை விட்டுவிட்டால் வாசல் காவல் வேலை தருகிறோம், காம்பராவில் இருந்துகொள்ளலாம் என்று துரை சொல்லியனுப்பினார். வழக்கை விட்டுவிடுவதாக எழுதிய தாளில் அண்ணன் மிச்சமிருந்த கையால் கைநாட்டு வைத்தார். கையைத் தின்ற மெஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அந்த வாசலில் அவர் காலம் ஓடியது.

அங்கே நின்றபடியேதான் அவருக்குத் தன் வழக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அதற்குப் பிறகு தோட்டத்தில் யாருக்கு அடிபட்டாலும் எனக்கு முன்னால் அவர் போய் நிற்பார். "சாமிகிட்ட சொல்ற தப்ப தொரைகிட்ட சொல்லாத" என்பதுதான் அவர் சொல்லும் முதல் வார்த்தை. ரோதமுனி பூசையை அவர் விடவில்லை. ஆனால் ஒருமுறை பூசை முடிந்து வரும்போது என்னிடம், "என் தப்புக்கு நான் கை குடுத்துட்டேன். பெல்ட்டுக்குக் கூட்ட மாட்டாதவங்க என்னங்க குடுத்தாங்க?" என்று கேட்டார்.

ஓய்வு பெறும் வயது வந்ததும் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து அவர் பெயரை வெட்டினார்கள். செல்வி அப்போது உயர்தரப் பரீட்சை முடித்து, ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்துகொண்டு, ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தாள். காம்பராவைக் காப்பாற்ற அவள் பெயரைக் கொழுந்தெடுக்கப் பதிந்தார்கள். அவள் முதல்நாள் கூடையோடு, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் வேலை கேட்டு நின்றபோது அண்ணன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: "சாமி ஒரு கையோட விட்டுச்சு தங்கச்சி. தோட்டந்தான் விடல."

சாவு வீட்டில் செல்வி அழாமல் நின்றாள். மலையகத்தில் தொழிலாளி இறந்தால் தோட்டம் சவப்பெட்டி கொடுப்பது வழக்கம். கணக்கப்பிள்ளை ஆட்களோடு பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். செல்வி அதை எடுத்துப் போகச் சொன்னாள். ஹட்டனில் ஏற்கெனவே கடன்பட்டு ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தாள். எல்லாருக்கும் கொடுப்பதுதானே என்று கணக்கப்பிள்ளை சமாதானமாகச் சொன்னார்.

"கைக்குக் குடுக்காத தோட்டம் பொணத்துக்குக் குடுக்க வேணாங்கய்யா" என்றாள்.

வந்தவர்கள் வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்துப் படிகளில் இறங்கிப் போனார்கள். காரியம் முடிந்ததும் செல்வி மறுபடியும் கூடையைத்தான் தூக்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும், கணக்கப்பிள்ளைக்கும் தெரியும்.

அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பவை ஒரு சொல்லும் ஒரு கேள்வியும்தான். அடிபட்டவர்கள் அலுவலகத்துக்கு வந்தால் முதலில் அந்தச் சொல்லைச் சொல்கிறேன். பிறகு நட்டஈட்டின் வகைகளை ஒவ்வொன்றாக விளக்குகிறேன். கடைசியில், அவர்கள் கேட்பதற்கு முன்பே, வீடு இதில் எதிலும் வராது என்றும் சொல்லிவிடுகிறேன்.